முதலில் முதுகைப் பாருங்கள்

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடும் என் அக்காள் மகன், சிக்கியதையெல்லாம் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். "மாமா, இது என்ன கெளுத்தி?" படத்தில் மீன் கையில் தொங்கும், மீசை மட்டும் பளிச்சென்று தெரியும். இப்படி அனுப்பினால் யாராலும் பெயர் சொல்ல முடியாது.

மீசை அநேகமாக எல்லாக் கெளுத்திக்கும் உண்டு. முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை முள்ளில்லாத ஒரே நீளத் துடுப்பு ஓடினால் அது கிளாரியஸ் என்ற பேரினம், மலாய்க்காரர்கள் சொல்லும் கெலி, நடக்கும் கெளுத்தி என்பதும் இதுதான். முள்ளோடு குட்டையான துடுப்பும், வாலுக்கு முன்னால் எலும்பில்லாத சதைத் துடுப்பும் இருந்தால் மிஸ்டஸ் அல்லது பாத்தின் வகை. மீசையை எண்ணுவது இந்த இடத்தில்தான் உதவும்: பாத்தினுக்கு இரண்டு ஜோடி, மிஸ்டஸுக்கு நான்கு. சதைத் துடுப்பே இல்லை, முதுகுத் துடுப்பு சின்னது, வாய் அகலம் என்றால் ஆற்று வாளை.

வாளை என்றதும் இன்னொரு வம்பு. கடற்கரைக்காரருக்கு வாளை பட்டை போன்ற வெள்ளி மீன். தேக்கா சந்தையில் இரண்டு ஊர்க்காரர்கள் அந்த ஒரு சொல்லை வைத்து வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் சரி. ஊர்ப்பெயரை மட்டும் நம்பி இனம் எழுதாதீர்கள். உறைபனிப் பெட்டியில் 'டோரி' என்று விற்கும் வெள்ளைத் துண்டும் பெரும்பாலும் மேக்கோங் ஆற்றுப் பக்கத்துப் பண்ணைப் பாத்தின்தான்.

பழைய கையேடு அதைவிட மோசம். 1758-ல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்ட கிளாரியஸ் பாட்ராகஸை இந்தியா முதல் இந்தோனேசியா வரை எல்லா நடக்கும் கெளுத்திக்கும் சூட்டிவிட்டார்கள். 2008-ல் வந்த ஆய்வு அந்தப் பெயரை ஜாவா மீனோடு கட்டிப்போட்டது. இந்திய மீனுக்கு இப்போது கிளாரியஸ் மாகுர் என்று பெயர். ஊரிலிருந்து கொண்டுவந்த மீன் புத்தகத்தைத் திறந்து சிங்கப்பூர் மீனுக்குப் பெயர் வைப்பவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

நிறத்தையும் நம்பவே வேண்டாம். கலங்கிய நீரில் கருப்பாயிருந்த மீன் வாளியில் வெளுத்துவிடும். நம் நீர்த்தேக்கங்களில் ஆப்பிரிக்கக் கெளுத்தி பரவிக் கிடக்கிறது, அதுவும் ஒரு கிளாரியஸ்தான். ஒரு மீட்டரைத் தாண்டி வளரும், ஆனால் குஞ்சாக இருக்கையில் உள்ளூர் இனம் போலவே தெரியும். மார்புத் துடுப்பு முள்ளைத் தடவிப் பாருங்கள்: ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு வெளி விளிம்பில் மட்டும் ரம்பப்பல். தலையை மேலிருந்தும் ஒரு படம் எடுங்கள். மண்டையின் பின் எலும்பு முதுகை நோக்கி நீளும் முனை அகன்று வளைந்திருக்கிறதா, கூராக இருக்கிறதா என்பது கிளாரியஸ் இனங்களைப் பிரிக்கும் முக்கிய அடையாளம். இதுவும் ஏமாற்றலாம். தாய்லாந்துப் பண்ணைகளில் ஆப்பிரிக்க ஆணை உள்ளூர்ப் பெண்ணோடு கலந்து வளர்க்கிறார்கள். அந்தக் கலப்பில் இரண்டு ஜாடையும் தெரியும். அப்படித் தோன்றினால் 'கிளாரியஸ்' என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

போன வாரம் மருமகன் மேலிருந்தே படம் எடுத்திருந்தான், பக்கத்தில் அளவுகோலும் வைத்து. படத்தின் மூலையில் பிளாஸ்திரி சுற்றிய கட்டைவிரல். முள்ளை வெறுங்கையால் தடவியிருக்கிறான். துணி போட்டுப் பிடி என்று சொல்ல மறந்தது நான்தான்.