ஃப்ளோ சைட்டோமெட்ரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: புள்ளிகள் எல்லாம் செல்கள் அல்ல

பெங்களூரில் ஓர் ஆய்வு நிலையத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரைப் பராமரிப்பதும், அதைப் பயன்படுத்த வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் என் வேலை. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மாணவர்கள், வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கியதையெல்லாம் தேநீர் நேரத்தில் தமிழில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளில் அடிக்கடி தலைகாட்டும் பிழைகளையே இங்கே எழுதுகிறேன்.

திரவத்தில் மிதக்கும் செல்கள், உறைபோல் சுற்றி வேகமாக ஓடும் ஷீத் திரவத்தின் நடுவே மெல்லிய இழையாக நெருக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கின்றன. முன்புறம் சிதறும் ஒளி செல்லின் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே இருக்கும் துகள்களின் நெருக்கத்தையும் ஏறத்தாழக் காட்டும். குறிப்பிட்ட ஒரு புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியுடன் இணைத்த ஒளிர்சாயம், அந்தப் புரதம் செல்லில் இருக்கிறதா என்று காட்டும். ஆனால் கருவிக்குச் செல் என்றால் என்னவென்று தெரியாது. நாம் வைத்த வரம்பைத் தாண்டும் ஒவ்வோர் ஒளித்துடிப்பையும் அது ஒரு நிகழ்வாகப் பதிந்துகொள்கிறது. செத்த செல்லும், சிதைந்த துணுக்கும், ஒட்டிக்கொண்ட இரண்டு செல்களும் திரையில் ஒரே மாதிரிப் புள்ளிகள்தான்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எலியின் மண்ணீரல் செல்களை ஓட்டிவிட்டு, டி செல்லுக்குரிய சிடி3, பி செல்லுக்குரிய சிடி19 ஆகிய புரதங்கள் இரண்டையும் தாங்கிய ஒரு சிறு கூட்டத்தைக் காட்டினார். புதிய வகைச் செல்லைக் கண்டுவிட்டோமோ என்ற பரவசம் அவர் முகத்தில் இருந்தது. முன்சிதறல் ஒளித்துடிப்பின் பரப்பளவைக் கிடை அச்சிலும், உயரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போடச் சொன்னேன். தனிச் செல்கள் சாய்கோட்டில் வரிசையாக நின்றன. அவருடைய கூட்டம் கோட்டை விட்டுப் பரப்பளவின் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் கைகோத்தபடி லேசரைக் கடந்தால் துடிப்பின் உயரம் பெரிதாக மாறாது, நீளம் கூடும், ஆகவே பரப்பளவு ஏறத்தாழ இரட்டிக்கும். கேட் போட்டு, அதாவது வேண்டிய புள்ளிகளைச் சுற்றி எல்லை வரைந்து, இரட்டைகளை விலக்கியதும் கண்டுபிடிப்பில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பாவம், அன்று அவர் தேநீருக்கு வரவில்லை.

இது பழைய சிக்கல். 1953இல் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற, மின்தடை மாற்றத்தால் செல்களை எண்ணும் முறையிலேயே, இரண்டு செல்கள் துளையை ஒருசேரக் கடந்தால் ஒன்றாகத்தான் எண்ணப்பட்டன. செல் சுழற்சியை அளப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏனெனில் டிஎன்ஏவை இன்னும் இரட்டிக்காத ஜி1 செல்கள் இரண்டு ஒட்டிக்கொண்டால் அவற்றின் டிஎன்ஏ அளவும், பிரியத் தயாராக நிற்கும் ஒரு ஜி2 செல்லின் டிஎன்ஏ அளவும் சமம். கேட் போடுவது பிற்பாடு செய்யும் வைத்தியம்தான். ஓட்டுவதற்குச் சற்று முன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டுவதும், செல்கள் மிதக்கும் பஃபர் கரைசலில், அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஈடிடிஏ சிறிது சேர்ப்பதும், திசுவிலிருந்து எடுத்த செல்களாயின், இறந்த செல்களிலிருந்து கசிந்து பசையாகும் டிஎன்ஏவை டிஎன்ஏஸ் நொதி கொண்டு கரைப்பதும் நோயையே தடுக்கும்.

இறந்த செல்கள் அடுத்த தொல்லை. அவை எந்த ஆன்டிபாடியையும் கண்டபடி பிடித்துக்கொள்வதால், இல்லாத புரதம் இருப்பதாகத் தோன்றும். உயிருள்ளதையும் இறந்ததையும் பிரிக்கும் சாயம் சேர்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்; எந்தச் சாயத்தை எப்போது சேர்ப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். புரோபிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் என்பதால், ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திச் சவ்வைத் துளைத்த மாதிரியில் அது எல்லாச் செல்லையும் பிணமாகவே காட்டும். அத்தகைய சோதனைக்கு, புரதத்தோடு நிலையாகப் பிணையும் சாயத்தைப் பதப்படுத்துவதற்கு முன்பே இட வேண்டும். அதையும் சீரம் கலந்த பஃபரில் இட்டால், சாயம் செல்லை விட்டுவிட்டுச் சீரத்தின் புரதத்தோடு தீர்ந்துபோகும்.

ஒரு சாயத்தின் ஒளி இன்னொரு சாயத்துக்குரிய டிடெக்டரில் கசிவதைக் கணக்கில் திருத்தும் காம்பன்சேஷனைக் கண்பார்வையில் இழுத்துச் சரிசெய்யும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. 488 நானோமீட்டர் நீல லேசரில் எஃப்ஐடிசி சாயம் 520க்கு அருகே உச்சமாக ஒளிர்ந்தாலும், அதன் வால் 575க்கு அருகே ஒளிரும் பிஇ சாயத்தின் பகுதிவரை நீள்கிறது. கசிவின் அளவை ஒற்றைச் சாய மாதிரிகளிலிருந்துதான் கணக்கிட வேண்டும். அந்த மாதிரி சோதனை மாதிரிக்குக் குறையாமல் ஒளிர வேண்டும், சாயமும் அதுவாகவே இருக்க வேண்டும். இரண்டும் பச்சைதானே என்று எஃப்ஐடிசிக்குப் பதில் பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பியை வைப்பது பிழை. கணக்கிட்ட பிறகு டிடெக்டரின் வோல்டேஜைத் தொட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவிக்கு மணிக்கணக்கில் கட்டணம் என்பதால், ஓட்ட வேகத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடித்துக்கொள்ள ஆசை வரும். வேகம் கூடினால் நடு இழை தடித்து, செல்கள் லேசரின் மையத்தை விட்டு விலகி, அளவீடு பரவலாகும். நேரத்தை மிச்சம் பிடிக்க எண்ணிக்கையைக் குறைப்பதும் உதவாது: பத்தாயிரத்தில் ஒன்றாக இருக்கும் செல்லைத் தேடுகிறவர் 10,000 நிகழ்வுகளோடு நிறுத்தினால் ஒரே ஒரு புள்ளி கிடைக்கும். 10 லட்சம் பதிந்தால் நூறு கிடைக்கும். அப்போதும் எண்ணிக்கையில் ஏறத்தாழ 10 சதவீதத் தடுமாற்றம் இருக்கும்.

மனித ரத்தத்தைப் பற்றி ஒன்று. ஓசூரிலிருந்து வரும் ரத்தக்குழாய்கள் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கிவிடும் என்று அஞ்சி ஐஸில் புதைத்து அனுப்புகிறார்கள். நிணநீர்ச் செல்களை வகைப்படுத்த ஈடிடிஏ குழாயில் எடுத்த ரத்தம் அறை வெப்பநிலையில் இருப்பதே நல்லது. வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள்ளும் வைக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் நீர்த்த பிளீச்சிங் கரைசலையும், பிறகு காய்ச்சி வடித்த நீரையும் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் போங்கள். மறுநாள் காலையில் வெறும் நீரை ஓட்டிப் பார்க்கும்போது, முந்தைய நாள் மாலை வந்தவருடைய செல்கள் திரையில் வந்து எனக்கு வணக்கம் சொல்வது மாதத்தில் இரண்டு முறையாவது நடக்கிறது.