பூனை மணல் தொட்டியை விட்டு வெளியே சிறுநீர் கழித்தால்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

வீட்டுக்குள் பூனை வளர்க்கிறீர்கள், மணல் தொட்டியும் வாங்கி வைத்துவிட்டீர்கள். அப்படியும் அது கட்டில் அடியிலோ, துவைக்கப் போட்ட துணி மீதோ போய்ச் சிறுநீர் கழிக்கிறது. உடனே வீட்டில் பேச்சு கிளம்பும்: "வேண்டுமென்றே செய்கிறது, திமிர் பிடித்த பூனை." பூனைக்குப் பழிவாங்கும் எண்ணம் கிடையாது. உடம்பு, தொட்டி, மணல், இடம், பழைய வாடை ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்று சரியில்லை. இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடிக்காதீர்கள், மூக்கை அந்த இடத்தில் தேய்க்காதீர்கள். அடி வாங்கிய பூனை அடுத்த முறை இன்னும் மறைவான மூலையைத்தான் தேடும்.

படி 1: உடம்பு

ஆண் பூனை அடிக்கடி தொட்டிக்குள் போய் முக்குகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை என்றால், மற்ற படிகளைப் பிறகு படியுங்கள். முதலில் டாக்டரிடம் கிளம்புங்கள். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. உள்ளே படிகங்களோ சளியோ அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்து ஒரு பகலைக் கடத்தினால் பூனையைக் காப்பாற்றும் நேரம் கைநழுவிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கக்கூடும்.

நம் பக்கத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. பூனைக்குச் சிறுநீர்க் குழாய் செருகி அடைப்பு எடுக்கும் வசதி எங்கே உண்டு என்று, பூனை நன்றாக இருக்கும்போதே போனில் விசாரித்து எழுதி வையுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் வழியாகப் போனால் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு அருகில்.

சிறுநீரில் ரத்தம், கழிக்கும்போது கத்தல், திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடித்தல் ஆகியவையும் டாக்டர் பார்க்க வேண்டியவைதான். வயதான பூனைக்கு மூட்டு வலி இருந்தால் தொட்டியின் உயரமான விளிம்பைத் தாண்ட முடியாமல் அதன் முன்னாலேயே கழித்துவிடும்.

படி 2: தொட்டி

பூனையின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் நீளம் அதற்கு ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 45 செ.மீ. பூனை என்றால் தொட்டி ஏறத்தாழ 68 செ.மீ. பலரும் கட்டட வேலையில் கலவை சுமக்கும் பிளாஸ்டிக் சட்டியை வைக்கிறார்கள். குட்டிக்கு அது போதும். வளர்ந்த பூனையோ அதற்குள் சுற்றித் திரும்பும்போது பின்பக்கம் விளிம்புக்கு வெளியே போய்விடும். முறையாக உள்ளே போய்த்தான் உட்கார்ந்தது. விழுந்தது மட்டும் தரையில்.

போர்வை, கம்பளி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்குங்கள். மூடி வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் 10 செ.மீ. உயரம் விட்டு வாசல் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயிற்றில் கீறும். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மணலும் வெளியே சிதறாது.

எத்தனை பூனையோ அதைவிட ஒரு தொட்டி கூடுதலாக வேண்டும். இடமில்லை என்று இதைத் தட்டிக் கழிப்பவர்கள்தான் அதிகம்.

படி 3: மணல்

பூனை தொட்டிக்குள் போகும்போது சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். விளிம்பின் மேல் கால்களை வைத்துத் தொங்கிக்கொண்டு கழிக்கிறதா? வெளியே வந்ததும் ஒவ்வொரு காலாக உதறுகிறதா? மூடாமலே ஓடுகிறதா? அப்படியானால் அந்த மணல் அதன் பாதத்துக்குப் பிடிக்கவில்லை.

பெரும்பாலான பூனைகளுக்குப் பொடியான, வாசனை சேர்க்காத மணல்தான் பிடிக்கும். ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் களிமண் வகையைத்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வேன். விலை கூடுதல்தான், ஆனால் கட்டியை மட்டும் அள்ளிப் போட்டுவிடலாம். நான்கு மாதம் நிரம்பாத குட்டிக்கு இது வேண்டாம். வாயில் போட்டு விழுங்கிவிடும்.

நம் பக்கம் எளிதாகக் கிடைப்பவற்றில் தென்னை நார்த் துகள் நல்லது. நீரை நன்றாக உறிஞ்சும், செடிக்குப் போடுவதைத்தான் சொல்கிறேன். வெளிர் நிறத் தரையில் பழுப்புக் கால்தடம் பதியும், அதைத் துடைத்தாக வேண்டும். மரத்தூள் பறந்து மூக்கில் ஏறும். எம்-சாண்ட் கூர்மையாகவும் தூசியாகவும் இருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். சலித்த ஆற்று மணல் பூனைக்குப் பிடிக்கும், ஆனால் சிறுநீர் அடியில் தங்கிவிடும். சித்திரை வெயிலில் அந்த வாடையை வீட்டில் யாரும் தாங்க முடியாது.

எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால், இரண்டு தொட்டியில் இரண்டு வகை போட்டு அருகருகே வையுங்கள். பூனையே தேர்ந்தெடுக்கும். 5 செ.மீ. ஆழம் போதும். புதிய வகைக்கு மாற்றுவதானால் பழைய மணலோடு கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் விகிதத்தைக் கூட்டுங்கள்.

காலையும் மாலையும் அள்ள வேண்டும். பழைய பூந்திக் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், களிமண் குழாயை அடைத்துவிடும். கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பூனை மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

படி 4: இடம்

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். வாஷிங் மெஷின் ஓரமும் வேண்டாம். சுழலும் சத்தத்தில் ஒருமுறை பயந்தால் அந்தப் பக்கமே வராது. குளியலறை என்றால் தரை எந்நேரமும் ஈரம், கதவும் பாதி நேரம் சாத்தியிருக்கும். வீட்டுக்குள் மாடிப்படி இருந்தால் அதன் அடிப்பகுதி, இல்லையென்றால் ஹாலில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை நல்லது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மற்றச் சாமான்களை எப்படி வேண்டுமானாலும் நகர்த்துங்கள், தொட்டியை மட்டும் இருந்த இடத்திலேயே விடுங்கள்.

படி 5: பழைய வாடை

மற்ற நான்கையும் சரிசெய்த பிறகும் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். நம் வீடுகளில் தரை என்றால் பினாயில்தான். பூனை இருக்கும் வீட்டில் அதை நிறுத்தியே ஆக வேண்டும். பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. பாராசிட்டமால் விஷமாவதும் இதே குறையால்தான். துடைத்த தரையில் நடக்கும், பிறகு பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போகும். தண்ணீரில் ஊற்றியதும் பால் நிறத்தில் வெளுக்கும் கிருமிநாசினி எதுவானாலும் பூனை நடமாடும் இடத்தில் வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் கூடாது. சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

சிறுநீரில் வாடை தரும் பொருட்கள் வெறும் தண்ணீரில் முழுதாகப் போவதில்லை. நமக்கு வாடை போனதாகத் தோன்றும். பூனையின் மூக்குக்கு அது அப்படியே இருக்கும். செய்ய வேண்டியது இதுதான்:

1. ஈரமாக இருந்தால் பழைய துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.
2. தண்ணீர் ஊற்றி மறுபடி ஒற்றுங்கள்.
3. செல்லப்பிராணிக் கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும், வாடை தரும் பொருட்களை உடைக்கும் என்சைம் கிளீனரைத் தாராளமாக ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற விடுங்கள். அவசரப்பட்டுத் துடைத்தால் வேலை செய்யாது.
4. தானாகக் காய விடுங்கள்.

எங்கே கழித்தது என்றே தெரியவில்லையா? கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சை வாங்கி, இரவில் விளக்கை அணைத்துவிட்டுத் தரையிலும் சுவர் அடியிலும் அடித்துப் பாருங்கள். காய்ந்த கறை மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும்.

கறை சுவரில் செங்குத்தாக வழிந்திருந்தால் அது வேறு விஷயம். பூனை வாலைத் தூக்கி நின்றபடி பீய்ச்சி எல்லை குறிக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தெருக் கடுவன் வந்து போனாலும் இப்படிச் செய்யும். கருத்தடை செய்தால் பெரும்பாலான ஆண் பூனைகள் இதை நிறுத்திவிடும். டாக்டரிடம் கேட்டு, ஐந்து ஆறு மாதத்திலேயே செய்துவிடுங்கள்.

படி 6: மறுபடி பழக்குதல்

எல்லாம் சரிசெய்த பிறகு பூனையை ஒரு சிறிய அறையில் தொட்டி, தண்ணீர், சாப்பாடு, படுக்கையோடு சில நாள் வைத்திருங்கள். தொட்டி ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில். அவ்வப்போது போய் அதோடு உட்கார்ந்து விளையாடுங்கள், இது தண்டனை அல்ல. தொட்டியைத் தவறாமல் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடுங்கள். பிறகு தொட்டியை உங்களுக்கு வசதியான இடத்துக்கு மாற்ற வேண்டுமானால் ஒரே நாளில் தூக்கி வைக்காதீர்கள். தினமும் ஒரு சாண் வீதம் நகர்த்துங்கள். நடுவில் ஒருநாள் வெளியே கழித்துவிட்டால் முந்தைய நாள் இருந்த இடத்துக்கே கொண்டுபோய் வைத்து, இரண்டு நாள் விட்டு மறுபடி தொடங்குங்கள்.