டர்பன் வெக்கையில் கிராபிக்ஸ் கார்டுக்குத் தண்ணீர்

ஜனவரி தென்னாப்பிரிக்காவில் கோடை; டர்பனில் அப்போது ஃபேனுக்கு நேரே உட்கார்ந்தாலும் சட்டை முதுகில் ஒட்டும். இந்த ஊரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மாடி அறையில் அந்தப் புழுக்கத்தோடு 320 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்துகொண்டது. "மேலே என்னடா, மாவு மில்லா ஓடுது?" என்று அத்தை கீழிருந்து கேட்டபோதுதான் கார்டின் ஃபேன் கூலரை விட்டுத் தண்ணீர்க் கூலிங்குக்கு மாற முடிவு செய்தேன்.

தண்ணீர் ஓடினால் அறை குளிராது. அதே சூடு, தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் வழியாக அறைக்குள்தான் வரும். தண்ணீரும் அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆகாது. அதனால் இந்த ஊர் ஈரக்காற்றில் கார்டு வியர்த்துவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகத் துண்டுதான் வாட்டர் பிளாக். அதை "3080-க்கு" என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சிப் ஒன்றே ஆனாலும் ஒவ்வொரு கம்பெனியும் போர்டை வேறு மாதிரி அமைக்கிறது. உங்கள் கார்டின் முழு மாடல் பெயரும் பிளாக்கின் பட்டியலில் இருக்க வேண்டும். பிளாக் செம்பு என்றால் அலுமினிய ரேடியேட்டர் கூடாது, அரிப்பு வரும். இவ்வளவு வாட்டுக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் வையுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுமுன் கார்டைச் சற்று ஓட்டினால் சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பேஸ்ட் இளகும். அப்புறம் கரண்டை நிறுத்தி, கார்டை வெளியே எடுத்து, ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கூலரை வெடுக்கென்று இழுத்தால் ஃபேன் ஒயர் அறுந்துவிடும். பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.

நான் சறுக்கியது தெர்மல் பேடில், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையில். மெமரி சிப்களுக்கு 1 மி.மீ. பேட் என்று பிளாக்கோடு வந்த தாளில் இருந்தது. கையில் 1.5 இருந்தது, அரை மில்லியில் என்ன வந்துவிடப்போகிறது என்று ஒட்டிவிட்டேன். பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டதால் நடுச்சிப்பில் அது சரியாகப் படியவே இல்லை. கேம் திறந்த சில நொடிகளில் 90 டிகிரி! தண்ணீரை வடித்து, எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து. தாளில் போட்ட அளவையே வாங்குங்கள். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள்.

ரிசர்வாயர் (திரவத் தொட்டி) பம்புக்கு மேலே இருக்கட்டும். பம்ப் உலர்ந்து ஓடினால் கெட்டுவிடும். கூலன்ட் (உள்ளே ஓடும் திரவம்) நிரப்பும்போது பம்புக்கு மட்டும் கரண்ட் போக வேண்டும். மற்ற ஒயர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, பவர் சப்ளையின் 24-பின் பிளக்கில் ஜம்பர் (மதர்போர்டு இல்லாமலே சப்ளையை ஆன் செய்யும் சிறு இணைப்பு) போடுங்கள். மட்டம் இறங்கியதும் நிறுத்துங்கள், ஊற்றுங்கள், திரும்ப ஓட்டுங்கள். கேஸை இப்படியும் அப்படியும் சாய்த்தால் குமிழிகள் வெளியேறும்.

ட்யூப் வந்து சேரும் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்து 24 மணி நேரம் ஓடவிடுங்கள். நான் செய்தது 2023-ல், லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்த சமயம். ஒரு நாள் சோதனை மூன்று நாள் இழுத்தது. இரண்டாம் நாள் ஒரு பேப்பரின் ஓரம் நனைந்திருந்தது. ஃபிட்டிங்கின் ரப்பர் வளையம் மடங்கிக் கிடந்தது. அவசரப்பட்டிருந்தால் அந்தச் சொட்டு மதர்போர்டில் விழுந்திருக்கும்.

இப்போது அறை 31 டிகிரி இருக்கும்போது கார்டு 55-ஐ ஒட்டி நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுகிறேன். ட்யூப் மங்கலானால் அதற்கு முன்பே.