பக்கிங் பார் பிடிக்கப் போகிறவர்களுக்கு

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களோடு பழக ஆசையா? எடுத்த எடுப்பில் கிட் (விமானம் கட்டத் தேவையான பாகங்களின் தொகுப்பு) வாங்கிவிடாதீர்கள். முதலில் யாராவது ஒருவருடைய கராஜுக்கு ஒத்தாசைக்குப் போங்கள். டெக்சஸில் எங்கள் தெருக்கோடியில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் ஆர்வி-7 என்ற இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் சனிக்கிழமை தவறாமல் போனேன். என்னை அவர் விரும்பிக் கூப்பிட்டதற்கு முதல் காரணம், என் கை சின்னது.

ஆள் பிடிப்பது சுலபம். 1953-இல் மில்வாக்கியில் பால் போபெரெஸ்னி தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுகிறவர்களின் இஏஏ சங்கத்துக்கு ஊரூராகக் கிளை உண்டு. கூட்டத்துக்குப் போய், "ஒன்றும் தெரியாது, பக்கிங் பார் பிடிக்க வருகிறேன்" என்று சொல்லுங்கள் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). உடனே கூப்பிடுவார்கள். அமெரிக்க விதிப்படி இந்த விமானத்தில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் கற்கவோ பொழுதுபோக்கவோ செய்ததாக இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தது அந்தக் கணக்கில் சேராது. சும்மா வந்து உதவுகிறவர் கை சேரும்.

இறக்கையில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் ரிவெட் கன்னை ரிவெட்டின் தலையில் வைத்து அழுத்துவார். உள்ளே ரிவெட்டின் வால் பக்கம் நீங்கள் இரும்புக் கட்டியைப் பிடிக்க வேண்டும். அதுதான் பக்கிங் பார். இறக்கையின் அடித்தகடு என்றால் ரிப்புகளுக்கு (உள்ளே இருக்கும் விலா எலும்பு மாதிரியான சட்டங்களுக்கு) நடுவே தோள்வரை கையை விட்டு, விரலால் தடவித்தான் வாலைக் கண்டுபிடிக்க முடியும். கட்டி தட்டையாக உட்கார்ந்த பிறகு "ரெடி" சொல்லுங்கள். அந்தச் சொல் காதில் விழாமல் அவர் விசையை அழுத்தக் கூடாது. நசுங்கிய வால், ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு அகலம், பாதி உயரம் இருந்தால் சரி.

கோணலாகிவிட்டால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒருமுறை கட்டி வழுக்கி வால் மடங்கிவிட்டது. வெட்கத்தில் "சரி" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் போய் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. டிரில் எடுத்து அதைத் துளைத்து எடுத்துவிட்டு, டார்ச் அடித்து விமானத்தின் வால் பகுதிக்குள் காட்டினார். அவரே சொதப்பிய ரிவெட்டுகளைச் சுற்றி மார்க்கரில் வட்டம், பக்கத்தில் தேதி.

வேலை இல்லாத நேரத்தில் கிளீகோக்களை (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்விகளை) துளை அளவுப்படி பிரித்து வையுங்கள்: வெள்ளி நிறம் 3/32 அங்குலம், செம்பு நிறம் 1/8. பிரைமர் (தகட்டுக்கு முதலில் அடிக்கும் பூச்சு) அடிக்கும் நாளில் முறுக்கு கொண்டுபோகாதீர்கள். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பிரைமர் ஒட்டாது. (எனக்குத் தெரியும்.)

ஜூலையில் விஸ்கான்சினில் இஏஏ நடத்தும் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குப் போனால், விமானத்தில் வந்தவர்கள் இறக்கையடியில் கூடாரம் போட்டுத் தங்கியிருப்பார்கள். தாராளமாகப் பேசுங்கள், விமானத்தை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். பெல்ட் பக்கிள் உரசினாலே கீறல் விழும்.

"என்னைக் கூட்டிப்போவீர்களா?" என்றும் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. பயணி ஏறக் கூடாது. எங்கள் ஆள் 40 முடித்த சனிக்கிழமை ஒன்றும் பேசாமல் இன்னொரு ஹெட்செட்டை நீட்டினார். ஏறும் முன் குனிந்து, இறக்கையின் அடியில் அந்த ரிவெட் வரிசையை ஒருமுறை தடவிப் பார்த்தேன்.