பின்னால் சறுக்கிக்கொண்டே மறிப்பது எப்படி?

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ்மேன் (தடுப்பாட்டக்காரர்) என்றாலே இடித்துத் தள்ளுகிற ஆள் என்று பலருக்கும் நினைப்பு. ஸ்வீடன்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 1989 வீரர் தேர்வில் 53-ஆவதாகத்தான் அமெரிக்க அணியான டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அவரை எடுத்தது. 1991 முதல் 2012 வரை, வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 1,564 லீக் ஆட்டங்கள், சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை 7 முறை. இவ்வளவுக்கும் அவர் வாங்கிய தண்டனை (ஆடாமல் வெளியே உட்கார வேண்டிய நேரம்) மொத்தமே 514 நிமிடம். மூன்று ஆட்டத்துக்கு ஒரு நிமிடம். அவர் பிழைப்பு ஓடியது இடைவெளிக் கணக்கில். அதைத்தான் முதலில் பழக வேண்டும்.

பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) ஓட்டி வருபவருக்கும் உங்களுக்கும் நடுவில் மைதான நடுக்கோட்டருகே இரண்டு ஸ்டிக் நீளம் இருக்கட்டும். உங்கள் பாதி மைதானத்தில் உள்ள நீலக்கோட்டுக்கு வரும்போது அது ஒரு ஸ்டிக் நீளமாகச் சுருங்க வேண்டும். என்ஹெச்எல் மைதானத்தில் அந்தக் கோட்டிலிருந்து கோல் கோடு 64 அடி. பயந்து பின்வாங்கினால் அந்த 64 அடியையும் சும்மா கொடுத்துவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு உங்கள் கோலியின் (கோல் காப்பவரின்) பார்வையை நீங்களே மறைத்து நிற்பீர்கள். அடிப்பவர் உங்கள் கால்களுக்கு நடுவிலேயே பக்கை விடுவார்.

இடைவெளி பெரும்பாலும் கெடுவது தொடக்கத்தில்தான். எதிராளி வேகம் எடுக்கும் முன்பே பின்னால் ஓடத் தொடங்கினால் பிறகு ஒட்டவே முடியாது. முதலில் இரண்டு மூன்று எட்டு முன்னால் போங்கள், பிறகு திரும்பி அவர் வேகத்துக்கு உங்கள் வேகத்தைச் சேருங்கள். மைதானத்தின் நடுப்பக்கம் உங்களுடையது; மைதானத்தைச் சுற்றியுள்ள பலகையின் ஓரம் அவருக்கு. அந்தப் பலகை உங்களுக்குச் சம்பளமில்லாத கூட்டாளி.

பார்வை அவர் மார்பில் இருக்கட்டும். பக் ஏமாற்றும், தலை ஏமாற்றும். மார்பு போகும் பக்கம்தான் ஆள் போவார். ஸ்டிக்கை அதன் மேல்முனையில் இருக்கும் கையால் மட்டும் பிடித்து, முழங்கையை மடக்கி விலாவோடு வைத்து, ஸ்டிக்கின் அடிநுனியான பிளேடைப் பனியில் தட்டையாகப் படிய விடுங்கள். கை மடங்கியிருக்கும்வரை உங்கள் ஸ்டிக் எவ்வளவு தூரம் எட்டும் என்பது அவருக்குத் தெரியாது. பக் அவர் பிளேடை விட்டு அரையடி விலகும் நொடியில் நீட்டுங்கள். அதற்கு முன் பாய்ந்தால் எடை முன்பாதத்துக்குப் போய்விடும், அவர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். கால்களைக் குறுக்கே போடுவதும் அதே ரகம்: குறுக்கிட்ட கால் விலகுவதற்குள் அவர் மறுபக்கம் வெட்டியிருப்பார். பின்னோக்கிப் போகையில் பிறை வடிவில் மாறி மாறி உந்துவதே பத்திரம்.

இருவர் வர, நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் பேரம் எளிது: அடிப்பவரைக் கோலி பார்த்துக்கொள்வார், பாஸை நீங்கள் மறியுங்கள். நடுவில் நின்று ஸ்டிக்கைப் பாஸ் போகும் வழியில் வையுங்கள். படுத்து மறிப்பது கடைசிக் கட்டத்தில் மட்டும். சீக்கிரம் படுத்தால், நிதானமானவர் ஒரு கணம் பொறுத்து உங்கள் மேலே பக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

தாண்டிவிட்டாரா? பின்னாலிருந்து ஸ்டிக்கை அவர் காலில் நீட்டாதீர்கள். தடுக்கி விழுத்தினால் 2 நிமிடத் தண்டனை. திரும்பி, நேராக அருகிலுள்ள கோல் கம்பத்தை நோக்கி ஓடுங்கள்.

பயிற்சியில் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்து, ஒருவருக்கு ஒருவர் மறித்துப் பாருங்கள். பிளேடு உதவாதபோது கால் எங்கே பிந்துகிறது என்பது உடனே தெரிந்துவிடும்.