வீட்டுக்குள் வளரும் நில ஆமைக்கு வெளிச்சமும் சூடும் அமைப்பது எப்படி

வெயிலில் கிடக்கும் நில ஆமைக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், உடம்புக்குள் இறங்கும் சூடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் (யூவி) கதிர் ஆகிய மூன்றும் தலைக்கு மேலிருந்து ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. நிழலுக்கு நகர்ந்தால் மூன்றும் சேர்ந்தே குறைகின்றன. வீட்டுக்குள் இந்த மூன்றையும் வெவ்வேறு விளக்குகளிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தவற்றைத் திரும்ப ஒரே இடத்தில் குவிப்பதுதான் இந்த வேலையின் சாரம். சூட்டு பல்பை ஒரு மூலையிலும் யூவி ட்யூபை எதிர் மூலையிலும் மாட்டிவிட்டால், ஆமை சூட்டுக்காக ஒரு பக்கமே கிடக்கும், யூவி அதன் மேல் படவே படாது. விலை உயர்ந்த விளக்குகள் இருந்தும் ஓடு மென்மையாகிப் போவதற்கு அடிக்கடி காரணமாவது இதுதான்.

புற ஊதாவில் ஆமைக்கு வேண்டியது யூவிபி, அதாவது ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான பகுதி. அது தோலில் பட்டால் வைட்டமின் டி3-க்கு முந்தைய பொருள் உருவாகிறது. அது டி3 ஆக மாறுவதற்கு உடம்புச் சூடு வேண்டும். அதன் பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவர, குடல் கால்சியத்தை உறிஞ்சுகிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் தீவனத்தில் தூவும் கால்சியம் வீணாகும். வளரும் குட்டிகளுக்கு ஓடு மெத்தென்று ஆகும், கால் வளையும், நடக்கும்போது வயிறு தரையில் இழுபடும்.

ஜன்னல் வெயில் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. சாதாரணக் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுதுமாகத் தடுத்துவிடும். அதோடு, கண்ணாடித் தொட்டியை நேர் வெயிலில் வைத்தால் உள்ளே சூடு ஏறி ஆமை சில நிமிடங்களிலேயே ஆபத்தான நிலைக்குப் போகலாம்.

பெட்டி

சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்ற வித்தியாசம் உண்டாக நீளம் வேண்டும். சிறிய ஆமைக்கே 120 × 60 செ.மீ. தரைப்பரப்பைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். 60 செ.மீ. தொட்டியில் நல்ல பல்பு மாட்டினால் தொட்டி முழுவதும் சூடாகிவிடும், ஆமைக்கு ஒதுங்க இடமிருக்காது. வறண்ட நிலத்து ஆமைகளில் வளர்ந்தவற்றுக்கு மேல் திறந்த மரப்பெட்டி நன்றாக ஒத்துவரும். குட்டிகளுக்கும் ஈரக்காட்டு இனங்களுக்கும் மேற்பக்கம் பெரும்பாலும் மூடிய பெட்டி நல்லது, ஏனென்றால் திறந்த பெட்டியில் விளக்குச் சூடு ஈரத்தை இழுத்துக்கொண்டு மேலே போய்விடும்.

யூவி ட்யூப்

கடையில் கிடைக்கும் வகைகளில் டி5 ஹை அவுட்புட் (மெல்லிய, வலுக் கூடிய) ட்யூப்தான் நாங்கள் முதலில் சொல்வது. பாலைவன வகை என்று விற்கப்படும் 10 அல்லது 12 சதவீத (யூவிபி பங்கைக் குறிக்கும் எண்) ட்யூபை, அதற்கென்று உள்ள ரிஃப்ளெக்டரோடு வாங்குங்கள். ரிஃப்ளெக்டர் இல்லாவிட்டால் கதிரில் பெரும்பங்கு கூரைப் பக்கம் போய் வீணாகும். ட்யூப் நீளம் பெட்டி நீளத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இருக்கலாம். 120 செ.மீ. பெட்டிக்கு 24 வாட் (சுமார் 55 செ.மீ.) அல்லது 39 வாட் (சுமார் 85 செ.மீ.) சரியாக வரும். ட்யூபைச் சூடான பக்கச் சுவரிலிருந்து தொடங்கி நடுவரை கொண்டுவாருங்கள். மீதிப் பகுதி நிழலாகவே இருக்கட்டும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். ட்யூபுக்கும் ஆமையின் முதுகோட்டு உச்சிக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. ரிஃப்ளெக்டர் உள்ள 12 சதவீத டி5 ட்யூபுக்கு, நடுவே எதுவும் மறைக்காதபோது, 35 முதல் 45 செ.மீ. என்று தொடங்கலாம். பழைய டி8 ட்யூப் வலுக் குறைந்தது, 20 முதல் 25 செ.மீ. வரை இறக்க வேண்டியிருக்கும். நடுவே கம்பி வலை இருந்தால் அதன் கண்ணளவைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை யூவிபி குறையும். ஆகவே ட்யூபை வலைக்கு உட்புறம் மாட்டுவதே மேல். கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ நடுவில் கட்டாயம் கூடாது.

புற ஊதாக் குறியீட்டை அளக்கும் கருவி, உதாரணமாகச் சோலார்மீட்டர் 6.5, இரவலாகக் கிடைத்தாலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். ஊகம் எல்லாம் அதோடு தீர்ந்துவிடும். மத்தியதரைக்கடல் இனங்களுக்கும் சுல்கேட்டா, லெப்பர்ட் போன்ற புல்வெளி இனங்களுக்கும் சூடு காயும் இடத்தில் ஓட்டு உயரத்தில் 3 முதல் 5 வரை இருக்கலாம். சிவப்புக்கால் ஆமைக்கு 2 முதல் 3 போதும். எந்த இனமானாலும் 7-ஐத் தொட விடாதீர்கள். குளிர்ந்த பக்கம் அளவு சுழிக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

விளக்கின் ஒளி எப்போதும் மேலிருந்தே விழ வேண்டும். ஆமையின் கண்ணுக்கு மேலுள்ள மேடு உச்சி வெயிலை மறைக்கும், பக்கவாட்டில் வரும் கதிரை மறைக்காது. பக்கச் சுவரில் திருகும் சுருள் வகை சிறு யூவி பல்புகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். அவற்றின் கதிர் மிகச் சிறிய பரப்பில்தான் பலமாக இருக்கும், கொஞ்சம் தள்ளினால் சரேலென்று குறைந்துவிடும் என்பது இன்னொன்று.

சூடும் யூவியும் ஒன்றாகத் தரும் மெர்க்குரி வேப்பர் பல்பு, பெரிய ஆமைக்கும் உயரமான இடத்துக்கும் உதவும். ஆனால் அதை டிம் செய்ய முடியாது, தெர்மோஸ்டாட்டில் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இணைக்கவும் முடியாது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பல்பு ஆறிய பிறகே மறுபடி எரியும். குட்டிகளின் ஓட்டையும் வேகமாக உலர்த்தும். முதல் அமைப்புக்கு வேண்டாம்.

சூட்டு பல்பு

ஹாலோஜன் ஃப்ளட் பல்பு வாங்குங்கள். ஊர்வனவற்றுக்கென்று பெயரிட்டு விற்கப்படுவதுதான் வேண்டும் என்பதில்லை, பார்38 வடிவத்தில் வரும் சாதாரண ஃப்ளட் பல்பே போதும். ஸ்பாட் என்று எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள். அதன் ஒளிக்கற்றை குறுகியது, முதுகின் நடுவில் மட்டும் தீய்த்துவிட்டுக் கால்களைக் குளிரில் விடும். ஒளிவட்டத்துக்குள் ஆமை தலைமுதல் வால்வரை அடங்க வேண்டும். ஆமை வளர வளர வட்டமும் பெரிதாக வேண்டும். 20 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிட்டால் ஒரு பெரிய பல்பை விட 50 அல்லது 60 வாட்டில் இரண்டு பல்புகளை அருகருகே தொங்கவிடுவது சிறந்தது. சிறிய ஆமைக்கு 75–80 வாட்டில் ஒன்று, ஓட்டிலிருந்து 30–40 செ.மீ. உயரத்தில், டிம்மரோடு வைத்துத் தொடங்கலாம்.

ஹாலோஜனை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், அதன் அகச்சிவப்புக் கதிரில் சூரியனில் உள்ளது போன்ற குறுகிய அலை அதிகம். அது மேற்பரப்போடு நிற்காமல் சற்று ஆழமாக இறங்கும். செராமிக் ஹீட்டர் தருவது நீண்ட அலை, மேல்தோலிலேயே நின்று அங்கேயே சூடேற்றி உலர்த்தும். அதன் கீழே பகல் முழுதும் கிடக்கும் ஆமைக்கு ஓட்டு உச்சி காய்ந்துவிடும், உள்ளே உடம்பு இன்னும் சூடேறியிருக்காது.

அடியில் வைக்கும் ஹீட் மேட், சூடாகும் செயற்கைக் கல் ஆகியவை நில ஆமைக்குக் கூடவே கூடாது. சூடு தாங்காவிட்டால் மண்ணைத் தோண்டி உள்ளே போவது அதன் இயல்பு. அடியிலிருந்து சூடு வந்தால் தோண்டத் தோண்டச் சூடு கூடும், வயிற்று ஓடு வெந்துபோகும்.

பல்புக்கு நேர் கீழே ஒரு தட்டையான கருங்கல் அல்லது ஓடுகல்லைப் பாதி புதைத்து வையுங்கள். கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நடக்கும்போது நகமும் தேயும்.

ஹாலோஜனும் யூவி ட்யூபும் சேர்ந்தும் பெட்டிக்குள் பகல் வெளிச்சம் வராது. 6500 கெல்வின் எல்இடி பட்டை ஒன்றைச் சேர்த்தால் ஆமை சுறுசுறுப்பாக மேயும். மங்கலான பெட்டியில் சூடு சரியாக இருந்தும் சில ஆமைகள் தூங்கிக்கொண்டே இருக்கும்.

எத்தனை டிகிரி

ஹெர்மன், கிரேக்க ஆமை, ஹார்ஸ்ஃபீல்ட் ஆகிய இனங்களுக்குச் சூடு காயும் இடம் 32–35 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 20–24. உடல்நலமுள்ள வளர்ந்த ஆமை, தரை உலர்ந்திருந்தால், இரவில் 15–18 டிகிரியைத் தாங்கும், பகல்-இரவு வித்தியாசம் அதற்கு நல்லதும்கூட. சுல்கேட்டாவுக்கும் லெப்பர்டுக்கும் 35–38, குளிர்ந்த பக்கம் 25–28, இரவில் 20-க்குக் கீழே போகாமல் இருக்கட்டும். சிவப்புக்கால் ஆமைக்கு 30–32 போதும், பெட்டி முழுவதும் 25-க்கு மேல், இரவில் 22-க்குக் குறையாமல், ஈரப்பதம் 70–80 சதவீதம். ஈரமும் குளிரும் ஒன்றாகச் சேர்வதுதான் எல்லா இனங்களுக்கும் மிகக் கெட்டது; மூச்சுக்குழாய்த் தொற்று பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

இரவில் சூடு தேவைப்பட்டால் அங்கே செராமிக் ஹீட்டருக்கு இடமுண்டு, ஏனென்றால் அது வெளிச்சம் தராது. சிவப்பு, நீல இரவு பல்புகள் வேண்டாம். ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும்.

மாட்டும் வரிசை

1. காலிப் பெட்டியில் 10–15 செ.மீ. மண் கலவை பரப்பி, ஒரு முனையில் கல்லை வையுங்கள். எதிர் முனையில் பதுங்கும் இடம் ஒன்று, நடுவில் இன்னொன்று.
2. ஹாலோஜனைக் கல்லுக்கு நேர் மேலே செராமிக் ஹோல்டரில், சங்கிலியில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். கிளிப்பை மட்டும் நம்ப வேண்டாம், அது நழுவினால் பல்பு விழுவது காய்ந்த புல்லின் மேல்.
3. யூவி ட்யூபைப் பல்புக்குப் பின்னால், நெருக்கமாக, இரண்டின் வெளிச்சமும் கல்லின் மேல் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி மாட்டுங்கள். எல்இடியை எங்கும் மாட்டலாம்.
4. பகல் விளக்குகள் அனைத்தையும் டைமரில் போடுங்கள். இரவு ஹீட்டர் தெர்மோஸ்டாட் வழியாகத் தனியாக வரட்டும்.
5. ஆமையின் உயரமுள்ள ஒரு மரக்கட்டையைக் கல்லின் மேல் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துக் கட்டையின் உச்சியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். தரையில் 33 காட்டும்போது, 12 செ.மீ. உயர ஆமையின் உச்சி பல்புக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அங்கே 40-ஐத் தாண்டியிருக்கலாம். சங்கிலியைக் கூட்டிக் குறைத்தோ டிம்மரைத் திருப்பியோ சரிசெய்யுங்கள்.
6. குளிர்ந்த பக்கத்தில் காற்றின் வெப்பத்தை வயர் சென்சார் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரால் பாருங்கள். சுவரில் ஒட்டும் முள் மீட்டர் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.
7. ஒரு முழுப் பகலும் இரவும் ஓடவிட்டு, அளவுகள் நிலைத்த பிறகே ஆமையை விடுங்கள்.

தெர்மோஸ்டாட் வகையும் முக்கியம். ஹாலோஜனையும் அதில் இணைத்தால் அதற்கு (வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கும்) டிம்மிங் வகை, செராமிக்குக்கு (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும்) பல்ஸ் வகை. ஆன்-ஆஃப் வகையில் ஹாலோஜனைப் போட்டால் அணைந்து அணைந்து எரிந்து பல்பு சீக்கிரம் போகும். யூவி ட்யூபை எந்தத் தெர்மோஸ்டாட்டிலும் இணைக்காதீர்கள். சென்சார் வயரை நகராதபடி திருகி வைப்பது அவசியம். ஆமை அதை இழுத்துக் குளிர்ந்த பக்கம் கொண்டுபோய்விட்டால், கருவி குளிர் என்று நினைத்துப் பல்பை முழு வேகத்தில் எரிக்கும்.

நேரம் 12 மணி. கோடைக்கு 13–14 ஆகக் கூட்டலாம். காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆமை சூடான பிறகு தீவனம் வையுங்கள். உடம்பு சூடாகாமல் தின்றது சரியாகச் செரிக்காது.

ஆமையே சொல்லும் குறைகள்

நாள் முழுதும் பல்புக்கு அடியிலேயே கிடந்தால் பெட்டியில் சூடு போதவில்லை. பல்புப் பக்கமே வராமல் குளிர்ந்த மூலையில் புதைந்தால் சூடு அதிகம் அல்லது வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, நுரை தள்ளினால் உடனே பல்பை அணைத்து இதமான நீரில் இறக்குங்கள். ஐஸ் நீர் கூடாது. புது யூவி விளக்கு மாட்டி ஓரிரு நாளில் கண் வீங்கி மூடிக்கொண்டால் யூவியை நிறுத்திவிட்டு உயரத்தைச் சரிபாருங்கள். சில நாளில் கண் திறக்காவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மூக்கில் குமிழி வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஓட்டுத் தகடுகள் கூம்பு கூம்பாக எழுவதற்கு யூவி குறைவையே எல்லோரும் குறை சொல்வார்கள். சுல்கேட்டா குட்டிகளை வைத்து நடந்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வறண்ட சூழலில் வளர்ந்தவற்றுக்கே கூம்பு அதிகம் எழுந்தது. எனவே குட்டிகள் உள்ள பெட்டியில் விளக்கு அமைத்த கையோடு ஈரத்தையும் கவனியுங்கள். மண்ணின் மேற்பரப்பு காய்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்கும்படி மூலைகளில் நீர் ஊற்றலாம். பதுங்கும் இடத்தில் ஈரப்பாசி வைக்கலாம்.

மின் பாதுகாப்பில் இரண்டு விஷயங்களைத் தவறவிட வேண்டாம். இணைப்பு மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் வழியாக வரட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறட்டும், வழியும் நீர் பிளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

யூவிபி கண்ணுக்குத் தெரியாததால் ட்யூப் பளிச்சென்று எரிந்தாலும் சரக்கு தீர்ந்திருக்கலாம். டி5 ட்யூபை ஏறக்குறைய 12 மாதத்திலும் டி8 ட்யூபை 6 மாதத்திலும் மாற்றுங்கள். அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள், யூவி குறைந்துவிட்டதாக அது காட்டும்வரை ஓட்டலாம். மாதம் ஒரு முறை விளக்கை அணைத்து ஆறவிட்டு, உலர்ந்த துணியால் ட்யூபிலும் ரிஃப்ளெக்டரிலும் படிந்த தூசியைத் துடையுங்கள். மாட்டிய தேதியை மார்க்கரால் ட்யூபின் உலோக முனையில் எழுதிவிடுங்கள். ஹாலோஜன் பல்பு ஒன்று எப்போதும் அலமாரியில் உபரியாக இருக்கட்டும்.