லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது

வண்ணாரப்பேட்டையானாலும் திருவொற்றியூரானாலும் "பார்த்து செய்ங்க" என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையை வைத்து வழக்கு நிற்காது. எதற்கு, எவ்வளவு என்பது அந்த அதிகாரி வாயிலிருந்தே வர வேண்டும். நீங்களாக ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். "எவ்வளவு சார்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும், "புரட்டிக்கிட்டு வரேன்" என்று இரண்டு நாள் தவணை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஃபைல் மட்டும் நகரவில்லை என்றால் லஞ்சப் புகார் வேண்டாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். பல ஃபைல்கள் இந்த மனுவைப் பார்த்தே எழுந்து நடக்கும்.

கேட்டுவிட்டார் என்றால் நாள் கணக்கு முக்கியம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லி, அவர்கள் வைக்கும் பொறியில் அதிகாரியைக் கையும் களவுமாகச் சிக்க வைப்பதற்காகக் கொடுத்தால் உங்கள் மேல் வழக்கு வராது. கட்டாயத்தால் கொடுத்தே விட்டீர்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். "வேலை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

புகார் சொல்ல லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நேரில் போவதென்றால் துறையின் தலைமையகம் ஆலந்தூர் எம்.கே.என். சாலையில் இருக்கிறது. விம்கோ நகரில் விமான நிலைய மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஆலந்தூரில் இறங்கலாம். புகாரில் விண்ணப்ப எண், கேட்டவர் பெயர் அல்லது பதவி, தேதி, இடம், அவர் பேசிய அதே வார்த்தைகள், தொகை, "கொடுக்க எனக்கு விருப்பமில்லை" என்ற வரி, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதத்தை வைத்துப் பொறி வைக்க முடியாது. பேச்சைப் பதிவு செய்திருந்தால் அந்த போனை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தால் நீதிமன்றத்தில் சிக்கல்.

வழக்கு பதிவானதும் நீங்கள் கொண்டுபோகும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள். வெள்ளைப் பொடிதான், நோட்டில் தடவினால் கண்ணுக்குத் தெரியாது. அரசு ஊழியர்கள் இருவர் சாட்சி. பணத்தை வைத்த பையில் அவசியமில்லாமல் கை விடாதீர்கள். அதிகாரியோடு கைகுலுக்காதீர்கள், உங்கள் கையிலிருக்கும் பொடி அவர் கைக்குப் போனால், பணம் வாங்கவில்லை, கைதான் கொடுத்தேன் என்று தப்பிப்பார். அவர் கேட்கும்வரை நீட்டவே கூடாது. அலமாரியில் வைக்கச் சொன்னாலோ, வெளியே நிற்கும் புரோக்கரிடம் கொடுக்கச் சொன்னாலோ, சொன்ன சொல்லை மனதில் வையுங்கள். வாங்கியதும், முன்பே பேசி வைத்த சைகையைக் காட்டுங்கள். சோடியம் கார்பனேட் கரைசலில் அவர் விரல்களை நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைப்பார்கள்.

பொறி சொதப்புவது பெரும்பாலும் வாயால்தான். பக்கத்து வீட்டில் சொன்னது டீக்கடைக்குப் போய், அங்கிருந்து அலுவலகத்துக்குப் போய்விடும். அப்புறம் அவர் அன்று லீவு.

"கொடுத்துத் தொலைச்சிடலாம், இருநூறு முந்நூறுதானே" என்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் கொடுத்தது அந்தத் தெருவுக்கே ரேட் ஆகிவிடும். கொடுக்க வழியில்லாதவரின் முதியோர் உதவித்தொகை மனு அடியில் போய்விடும். கால்வாய் ஓரம் விதி மீறிக் கட்டிய சுவருக்கு யாரோ கட்டிங் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினால், மழைநாளில் தண்ணீர் ஏறுவது சுவர் கட்டியவர் வீட்டில் அல்ல, பக்கத்துச் சந்தில்.

வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். கையில் பணம் இருந்தது மட்டும் போதாது, கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் நீதிமன்றத்தில் மாற்றிப் பேசிப் பிறழ்சாட்சியானாலும் மற்ற ஆதாரங்களால் அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. ஆனாலும் நேரில் சொல்லும் சாட்சிக்கு இருக்கும் பலம் வேறு. முதல் தகவல் அறிக்கை நகலைப் பத்திரப்படுத்துங்கள். வீடு மாறினால் புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பிவிடக் கூடாது.